மகள் போட்ட அட்டவணை

1

போன மாதம் ஸ்காபரோவில் நம்மவர் கடையொன்றில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்து நின்ற பெண்மணியோடு எனக்கு முகப்பழக்கம் உண்டு. எங்கள் கல்லூரிப் பழைய மாணவிகள் சங்கத்தின் இராப்போசனத்தில் ஒரே மேசையில் இருந்திருக்கிறோம். முழங்கால் எப்படி, வீட்டை விற்கும் யோசனை உண்டா, மகள் இன்னும் தனியத்தானா என்று முறைப்படி எல்லாம் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எங்கடை பிள்ளையளைக் குருநகருக்கு விளையாட அனுப்பினது உங்கடை மகளாமே?"

அந்த ‘ஆமே’யை ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. யார் சொன்னதென்று கேட்காதே, உண்மையென்று நானும் சொல்லவில்லை, ஆனால் நான் நம்பிவிட்டேன் என்பதெல்லாம் அந்த இரண்டு எழுத்துக்குள் அடங்கிவிடும். ஊரிலிருந்து நாங்கள் கொண்டுவந்த சாமான்களில் பாதி உடைந்தும் தொலைந்தும் போயின. இது மட்டும் கீறல் படாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

"மகள் அனுப்பேல்லை. கணக்கு அனுப்பினது," என்றேன்.

"கணக்கோ," என்றுவிட்டு அவர் கத்தரிக்காய்ப் பக்கம் போய்விட்டார்.

பேருந்தில் வீடு திரும்பும்போது அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல்தான் கூடக் கோபம் வந்தது. கணக்குத்தான் அனுப்பியது என்று நான் ஒருநாளும் நம்பியவள் அல்ல. அங்கேயும் இங்கேயும் இந்தக் கதை வேறு வேறு உருவத்தில் நடமாடுவதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கல்லூரிகளின் பெயர்கள் வேண்டாம். ஊர்ப் பக்கத்தைச் சொன்னால் போதும். மற்றப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன், என்னுடையதைத் தவிர.

2

விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். தட்டிலே பாண், வெண்ணெய், ஒரு சின்னக் கேக் துண்டு எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து மூடும் வேலை. விடிய முன்னரே பேருந்துத் தரிப்பில் நிற்க வேண்டும். முன்பெல்லாம் யாருக்கு எந்த நாள் வேலை என்பதை மேற்பார்வையாளர் பென்சிலால் எழுதிச் சுவரில் ஒட்டுவார். அவருக்கு யாரைப் பிடிக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிடிக்க வைப்பது எப்படி என்றும் சிலருக்குத் தெரியும். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. இனி எல்லோருக்கும் சமம் என்றார்கள். பென்சில் காலத்திலும் சனிக்கிழமை எனக்குத்தான் வேலை. கம்ப்யூட்டர் காலத்திலும் எனக்குத்தான்.

ஒருநாள் போய்க் கேட்டேன். எங்கள் ஆங்கில ரீச்சர் சொல்லித் தந்தபடி ‘ஷெடியூல்’ என்றேன். அவருக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன். எழுதிக் காட்டினேன். "ஓ, ஸ்கெஜூல்!" என்று சிரித்தார். அதற்குள் என் கோபம் ஆறிப்போயிருந்தது. கம்ப்யூட்டர்தான் போட்டது, நான் என்ன செய்ய என்று கையை விரித்தார்.

வீட்டுக்கு வந்து மகள் மதுராவிடம் சொன்னேன். அவளுடைய தொழிலே அதுதான். அமெரிக்கக் கல்லூரிகள் கூடைப்பந்தும் உதைபந்தும் விளையாடுகின்றனவே, எந்தக் கல்லூரி எந்தக் கல்லூரியோடு எந்த நாளில் எந்த மைதானத்தில் மோதுவது என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் கம்பனியில் வேலை. முதன்முதலில் அவள் அதைச் சொன்னபோது, வேலை கிடைக்காததை மறைக்கிறாள் என்றே சந்தேகப்பட்டேன். எங்கள் ஊரில் இது விளையாட்டு ரீச்சர்மார் ஒரு பின்னேரம் கூடியிருந்து பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் முடிக்கிற காரியம். இதற்கு ஒரு பட்டமா, அதற்கு மேலே ஒரு பட்டமா?

மதுரா பொறுமையாகத்தான் விளக்கினாள். இந்த மைதானத்தில் அன்றைக்குக் கச்சேரி. அந்தக் கல்லூரிக்குப் பரீட்சை. தொலைக்காட்சிக்காரருக்கு இந்த ஆட்டம் இந்த நாளில் வேண்டும். ஒரு குழு தொடர்ந்து வெளியூருக்கு அலையக் கூடாது. இவையெல்லாவற்றையும் சமன்பாடுகளாக எழுதுவார்களாம். சிலது மீறவே முடியாதவை. சிலது மீறினால் குற்றப்புள்ளி. குற்றப்புள்ளி ஆகக் குறைந்த அட்டவணையைக் கம்ப்யூட்டர் தேடும்.

எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்குமா என்று கேட்டேன். பார்த்து முடிக்க ஆயுள் காணாது என்றாள். இந்தப் பக்கம் போனால் எப்படியும் நல்லது கிடையாது என்று தெரிந்தால், அந்தக் கிளையை அடியோடு வெட்டிவிட்டு மற்றப் பக்கம் போகுமாம். கடைசியில், இதைவிட நல்லது இல்லை என்று நிரூபித்தும் காட்டுமாம்.

"அப்ப என்ரை சனிக்கிழமை?"

"கம்ப்யூட்டருக்கு உங்களைத் தெரியாது அம்மா. இவவுக்குச் சனிக்கிழமை ஓகே எண்டு ஆரோ போட்டிருப்பினம்."

சொல்லிவிட்டு அவள் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். எனக்கு அந்த ‘ஆரோ’ நெஞ்சுக்குள் நின்றுவிட்டது.

3

பத்மாவும் நானும் ஒன்றாகப் படித்தோம். பண்டத்தரிப்புக்கு அப்பால் உள்ள எங்கள் கல்லூரியில் அவளே பிறகு விளையாட்டு ரீச்சராகி ஓய்வும் பெற்றாள். ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. குடாநாட்டில் ஏழு கல்லூரிகளைச் சேர்த்துப் பெண் பிள்ளைகளுக்கு ஓர் உதைபந்தாட்டச் சுற்று நடத்தினாள். எங்கள் பக்கம், குருநகர்ப் பக்கம், கொழும்புத்துறைப் பக்கம், சாவகச்சேரிப் பக்கம், வடமராட்சி, தீவுப் பகுதி, நகரத்துக்குள் ஒன்று. பெண் பிள்ளைகள் காற்சட்டை போட்டுப் பந்து உதைப்பதா என்று கேட்டவர்களோடு அவள் சண்டை பிடித்த விதம் எனக்குத் தெரியும். அவளைப் பற்றி நான் பின்னால் எழுதப்போவதை வாசிக்கும்போது இதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாம் வருடம் சுற்று குழம்பிப் போனது. அட்டவணையைக் கூட்டத்தில் கையால்தான் எழுதினார்கள். தீவுப் பிள்ளைகள் கிழமைக்குக் கிழமை வெளியூருக்கு அலைந்தார்கள். ஒரு குழு பரீட்சைக்கு முதல்நாள் விளையாட வேண்டி வந்தது. ஓர் ஆட்டத்தின் நடுவில் பெற்றோர் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். ஒவ்வொரு கல்லூரியும் மற்றக் கல்லூரி அட்டவணை எழுதியவருக்கு ஏதோ கொடுத்துவிட்டது என்று நம்பியது.

பத்மா போன் எடுத்தாள். "எடி புவனா, உன்ரை மகள் உந்த வேலைதானே செய்யிறாள்? வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் போட்டதெண்டால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம்."

மதுராவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். ஊருக்கு வா என்று எத்தனையோ தரம் கேட்டு அலுத்தவள் நான். சிறுவயதில் வந்தபோது நுளம்பு கடித்ததும், எல்லோரும் அவளுடைய தமிழைக் கேட்டுச் சிரித்ததும்தான் அவளுக்கு நினைவிலிருந்த யாழ்ப்பாணம். இந்தமுறை மறுபேச்சில்லாமல் ஓம் என்றாள். இங்கிருந்தே போட முடியாது, ஒவ்வொரு கல்லூரிக்கும் நேரில் போய்க் கேட்க வேண்டும் என்றாள். விடுமுறையும் எடுத்துவிட்டாள்.

பிள்ளை இவ்வளவு இலகுவில் சம்மதித்தால் எந்தத் தாய்க்குச் சந்தேகம் வராது? இதற்குள் ஒரு பொடியன் இருக்கிறான் என்று முடிவு கட்டிக்கொண்டு நானும் கூடப் புறப்பட்டேன்.

4

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியவுடன், பிறந்த நாட்டுக்கு வந்ததன் நோக்கம் என்ன என்று கேட்டார்கள். உல்லாசப் பயணம் என்றேன். மதுரா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஓட்டோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனோம். அவளுடைய தொழிலில் நிபந்தனைகளைச் சொல்ல ஓர் ஆங்கிலச் சொல் இருக்கிறது. அதற்கு எந்த அகராதியிலோ ‘கட்டுப்பாடு’ என்று பார்த்து வைத்திருந்தாள். முதற் கல்லூரியிலேயே அதிபரின் முன்னால் இருந்து, "உங்கடை பிள்ளையளுக்கு என்ன கட்டுப்பாடு இருக்கு?" என்று கேட்டாள். அதிபரின் முகம் கறுத்துவிட்டது. தங்கள் கல்லூரியின் கட்டுப்பாட்டைப் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னதில்லை என்று தொடங்கினார். நான் இடையில் புகுந்து, எந்த நாள் வசதி, எந்த நாள் வசதியில்லை என்பதைத்தான் பிள்ளை கேட்கிறாள் என்றேன். சொந்த மைதானத்தில் ஆடுவதை ‘வீட்டு ஆட்டம்’ என்றாள். அதற்கு ரீச்சர்மார் சிரித்த சிரிப்பில், கறுத்த முகமும் வெளித்தது.

கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தன. சனிக்கிழமை காலை ரியூசன். வெள்ளிக்கிழமை கோயில். மாரி தொடங்கினால் எங்கள் பக்க மைதானத்தில் வெள்ளம். தீவுப் பிள்ளைகளுக்குக் கடைசி பஸ் போவதற்குள் ஆட்டம் முடிய வேண்டும். எல்லாவற்றையும் மதுரா தட்டிக்கொண்டாள். மற்றவர்கள் எந்த நாளைக் கேட்டார்கள் என்று ஒவ்வொருவரும் நைசாக விசாரித்தார்கள். அவள் சொல்லவில்லை. சொல்லாததே ஒரு சந்தேகமாகி, நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் போன் பேச்சுகள் தொடங்கியிருக்கும்.

கல்வி அலுவலகத்தில் அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. அங்கிருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர்தான். ஆனால் விண்ணப்பத்தில் அட்டவணை தயாரித்தவர் என்ற இடத்தில் அடையாள அட்டை இலக்கம் வேண்டும் என்றார். மதுராவிடம் கனடியக் கடவுச்சீட்டு. என்னிடமும் அதுதான். கம்ப்யூட்டர்தானே தயாரிக்கிறது என்று பத்மா சொல்லிப் பார்த்தாள். கம்ப்யூட்டருக்கு இலக்கம் இல்லையே என்றார். கடைசியில் பத்மாவே கையெழுத்து வைத்தாள். ஆகவே அரசாங்கப் பதிவின்படி அந்த அட்டவணையைப் போட்டவள் பத்மா.

அன்றைக்கு வெளியே வந்ததும் பத்மா மதுராவின் தோளைத் தொட்டு, குருநகருக்கு நீ போகத் தேவையில்லை என்றாள். அங்கே மைதானம் சரியில்லை, கல்லும் ஓட்டுத்துண்டும். அவர்களுடைய ஆட்டமெல்லாம் வெளியில்தான் என்று போட்டுக்கொள், அது கட்டுப்பாடு என்றாள். மதுரா தலையாட்டினாள். அடுத்தநாள் காலை என்னிடமும் சொல்லாமல் அவள் குருநகருக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு பின்னேரமானால் ஆளைக் காணவில்லை. முகம் வெயிலில் கறுத்து, சப்பாத்தெல்லாம் மணலாக வருவாள். குருநகர்க் குழுவின் பயிற்சியாளர் ஜெசிந்தா என்றொரு பெண். தகப்பனும் சகோதரர்களும் கடற்றொழில். அந்த வீட்டில் சாப்பிட்டதாகவும் சொன்னாள். ஜெசிந்தாவுக்குத் தம்பி இருக்கிறானா என்று கேட்டேன். இருக்கிறான், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன் என்றாள். என் முதற் சந்தேகம் அத்தோடு முடிந்தது.

ஆனால் பத்மா போன் எடுத்தாள். "உன்ரை மகள் அங்கை சாப்பிட்டவளாம், உண்மையோ?" நான் மழுப்பினேன். "சாப்பிடட்டும், எனக்கென்ன. ஆனா சனம் கதைக்கும், பார்த்துக்கொள்," என்றாள்.

அன்றிரவு சாப்பிடும்போது மதுரா கேட்டாள், மூன்று வருட ஆட்டங்களையும் பார்த்தேன், ஒரு கல்லூரிகூடக் குருநகருக்குப் போகவில்லையே, ஏன் என்று. மைதானம் சரியில்லை என்றிருப்பார்கள் என்றேன். அவள் தன் போனைத் திருப்பிப் படங்களைக் காட்டினாள். கடற்கரையோரம் தட்டையான நல்ல நிலம். கல்லும் இல்லை, ஓடும் இல்லை.

நான் கல்லூரியில் வலைப்பந்து விளையாடியவள். தெல்லிப்பழை, சுன்னாகம், சாவகச்சேரி எல்லா இடமும் பஸ்ஸில் பாட்டுப் படித்தபடி போயிருக்கிறோம். குருநகருக்குப் போனதில்லை. அவர்கள்தான் எங்களிடம் வருவார்கள். வரும்போது குடிக்கத் தண்ணீரும் போத்தலில் கொண்டுவருவார்கள்; எங்கள் கிணற்றடிக்கு வரமாட்டார்கள். அந்தக் காலத்திலும் அட்டவணை ஒன்று இருந்தது. அதையும் யாரோ போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் மகளுக்கு எந்தத் தமிழில் சொல்வது? சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

5

அட்டவணை வெளிவந்த அன்று காலையிலேயே என் போன் சூடாகிவிட்டது. எல்லோருக்கும் சொந்த மைதானத்தில் மூன்று ஆட்டம், வெளியில் மூன்று. ஏழு குழு என்பதால் ஒவ்வொரு கிழமையும் ஒன்றுக்கு ஓய்வு. குருநகருக்கும் மூன்று சொந்த ஆட்டங்கள். கடைசிக் கிழமை எங்கள் பிள்ளைகள் குருநகருக்குப் போக வேண்டும். அதற்கு முதற் கிழமை எங்கள் பிள்ளைகளுக்கு வடமராட்சிக் கோடியில் உள்ள பருத்தித்துறைக்குப் பயணம், குருநகருக்கோ ஓய்வு.

நகரத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஏழு கல்லூரியிலிருந்தும் வந்திருந்தார்கள். மதுரா மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னால் இருந்தாள். நான் கடைசி வாங்கில்.

பத்மா எழுந்தாள். "நான் சொன்ன கட்டுப்பாட்டை ஏன் போடேல்லை?"

"போய்ப் பார்த்தன் அன்ரி. நல்ல கிரவுண்ட்."

"பிள்ளை, உனக்கு இந்த ஊர் தெரியாது."

ஜெசிந்தா கதிரையை விட்டு எழும்பினாள். மெலிந்த, உயரமான பெண். குரல் உயரவில்லை.

"தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோவன். எங்கடை கிரவுண்டிலை என்ன குறை?"

என்ன குறை என்று அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை. கடைசியில் யாரோ, கடற்காற்று அடிக்கும் என்றார்கள்.

"காத்து ரண்டு பக்கத்துக்கும்தானே அடிக்கும்," என்றார் சாவகச்சேரிப் பக்க அதிபர். அவருடைய குழு போன வருடம் எல்லா ஆட்டத்திலும் தோற்றது; அதனால் அவர் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை.

பத்மா அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தாள். "சரி, கிரவுண்ட் இருக்கட்டும். கடைசி ஆட்டத்துக்கு முதல் அவையளுக்கு ஓய்வு, எங்கடை பிள்ளையளுக்கு அலைச்சல். உது எப்பிடி வந்தது?"

"கம்ப்யூட்டர் அப்பிடித்தான் போட்டது," என்றாள் மதுரா.

சொல்லும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள். எங்கள் மேற்பார்வையாளர் கையை விரித்தது எனக்கு நினைவு வந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். பெற்ற பிள்ளை, ஏழு கல்லூரிக்கும் முன்னால், அரைகுறைத் தமிழோடு இருக்கிறாள். ஆனால் எழும்பிவிட்டேன்.

"இதைவிட நல்லது இல்லை எண்டு சொன்னனீ. இதைப்போல நல்லது வேறை இருக்கோ?"

"அம்மா, பிறகு கதைப்பம்."

"இருக்கோ பிள்ளை?"

"இருக்கு. கனக்க இருக்கு. எல்லாம் ஒரே புள்ளி."

"அப்ப இதை எடுத்தது ஆர்?"

மதுராவின் காதுகள் சிவந்தன. சின்ன வயதில் பொய் சொல்லப் பார்க்கும்போது அவளுக்கு அப்படித்தான் சிவக்கும். ஆனால் அவள் பொய் சொல்லவில்லை.

"நான்தான். எனக்கு அந்தப் பிள்ளையளைப் பிடிச்சுது. ஒருத்தரும் அவையளிட்டைப் போகேல்லை. ஒருக்காலாவது களைப்பில்லாமல் விளையாடட்டும் எண்டு நினைச்சன்."

பத்மா வெற்றியோடு சபையைச் சுற்றிப் பார்த்தாள். ஆனால் ஜெசிந்தாதான் பேசினாள்.

"எங்களுக்கு அப்பிடி ஒண்டும் வேண்டாம் மதுரா. கிரவுண்ட் மட்டும் காணும்."

மதுராவுக்கு என் கேள்வியைவிட அதுதான் கூட வலித்திருக்கும். அவள் தலை குனிந்துகொண்டாள்.

கனக்க இருக்கிறதென்றால் சீட்டுப் போடுவோம் என்று சாவகச்சேரி அதிபர் சொன்னார். அதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் எப்படிப் போடுவது என்பதில் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. ஒரே புள்ளியுள்ள அட்டவணைகள் சிலவற்றை நகரக் கல்லூரியின் அலுவலகத்தில் அச்செடுத்தார்கள். கம்ப்யூட்டர் தந்த ஒழுங்கிலேயே, பொறுக்காமல் எடுக்கவேண்டும் என்று கொழும்புத்துறை ரீச்சர் மதுராவின் பின்னால் நின்று பார்த்தார். மடித்தது ஒருவர். மடித்தது சரியா என்று பார்த்தது இன்னொருவர். பால்மாப் பேணி ஒன்றுக்குள் போட்டுக் குலுக்கியது வடமராட்சி. பேணிக்குள் வேறு கடதாசி இல்லையென்று கவிழ்த்துக் காட்டச் சொன்னது பத்மா. சாவகச்சேரி அதிபர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.

முதலாம் கிழமையே எங்கள் கல்லூரி குருநகருக்குப் போகவேண்டும் என்று வந்தது. பத்மா அந்தத் தாளை வாங்கி வாசித்தாள். பிறகு திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தாள்.

6

ஆட்டத்தன்று எங்கள் குழுவில் சிலர் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். ஊரெல்லாம் இல்லாத காய்ச்சல் குறிப்பிட்ட சில வீடுகளுக்குள் மட்டும் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. தலைவிப் பிள்ளை வந்தாள். தகப்பன் வேண்டாம் என்றதாகவும், அவள் உடுப்பை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டதாகவும் மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள்.

வாழ்நாளில் முதல்தடவையாக நான் அந்த மைதானத்தில் நின்றேன். ஒரு பக்கம் வலை உலர்ந்தது. மறுபக்கம் மதிலெல்லாம் சனம். ஆண்கள் தொழிலுக்குப் போகாமல் வந்திருந்தார்கள். பெண்கள் குடை பிடித்தபடி, எங்கள் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் கத்தி உற்சாகப்படுத்தினார்கள். காற்று அடித்தது, இரண்டு பக்கத்துக்கும் அடித்தது. குருநகர்ப் பிள்ளைகளின் வேகத்துக்கு எங்கள் பிள்ளைகள் முதலில் திணறினார்கள். முதற் கோல் அவர்களுடையது. இடைவேளைக்குப் பிறகு எங்கள் தலைவி ஒன்று போட்டாள். முடிகிற தறுவாயில், மூலையிலிருந்து வந்த பந்தை யாரோ தலையால் முட்ட, அது கம்பத்தில் பட்டு உள்ளே போனது. நாங்கள் வென்றோம். மதிலில் இருந்த சனம் கைதட்டியது.

ஆட்டம் முடிந்ததும் ஜெசிந்தாவின் தாயார் தேத்தண்ணீரும் பற்றிசும் கொண்டுவந்தார். பிள்ளைகள் கேட்டு வாங்கித் தின்றார்கள். நானும் குடித்தேன். இஞ்சி தூக்கலாக இருந்தது. தட்டு பத்மாவிடம் போனபோது, "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்," என்று அவள் மிகவும் மரியாதையாகச் சிரித்தாள். அந்தம்மாவும் அதே மரியாதையோடு தட்டை அடுத்தவரிடம் கொண்டுபோனார். வற்புறுத்தவில்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

பஸ்ஸில் பத்மா என் பக்கத்தில் வந்து இருந்தாள். வென்ற குழுவின் முகம் அவளுக்கு இல்லை.

"விட்டுத் தந்திட்டினம் எண்டு நினைக்கிறன். இதுக்குள்ளை ஏதோ இருக்கு," என்றாள்.

சுற்று அந்த வருடம் இடையில் நிற்காமல் முடிந்தது. வடமராட்சி கிண்ணத்தை எடுத்தது. சாவகச்சேரி ஓர் ஆட்டத்தில் வென்றது.

7

திரும்பி வரும் விமானத்தில் மதுரா என்னோடு கதைக்கவில்லை. தட்டிலே பாணும் வெண்ணெயும் கேக்கும் வந்தன. யாரோ என்னைப்போல ஒருத்தி அடுக்கியது. இவள் அதைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபிறகும் வெகுநாள் ஆங்கிலத்தில்தான் பதில் வந்தது. ஓம், இல்லை என்பதுகூட ஆங்கிலத்தில். சபைக்கு முன்னால் கேட்டிருக்கக் கூடாது என்று சில நாள் நினைப்பேன். தனியாகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாளா என்று மற்ற நாள் நினைப்பேன். இன்றுவரை எனக்கு விடை தெரியாது. கனடாவில் பிறந்த பிள்ளையைத் தாய் கேள்வி கேட்பதற்கென்று ஒதுக்கிய நேரம் பதினாறு வயதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கேட்பதெல்லாம் அத்துமீறல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே வந்து சமையலறை வாசலில் நின்றாள். தங்கள் கம்பனியில் கேட்டுப் பார்த்தாளாம்: ஒரே புள்ளியோடு பல அட்டவணைகள் வந்தால் எதை அனுப்புவது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று. அப்படியொரு கேள்வியை அங்கே யாரும் அதுவரை கேட்கவில்லையாம்.

"ஆராம் எடுக்கிறது?" என்றேன்.

"அதை நீங்கள் கேக்காதைங்கோ அம்மா," என்றாள். தமிழில் சொன்னாள். அதனால் நான் மேலே கேட்கவில்லை.

இந்த வருடச் சுற்றுக்கு ஜெசிந்தாதான் செயலாளர்; அட்டவணை போடுவது இந்தமுறையும் மதுராதான். பத்மா விலகவில்லை, நடுவர்களைப் பார்த்துக்கொள்கிறாள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து நிற்கிறாளாம். குருநகரில் இன்னும் தேத்தண்ணீர் குடிக்கவில்லையாம். போன கிழமை ஜெசிந்தா எனக்கு எடுத்தாள், மதுராவுக்கு அல்ல. அட்டவணை வெளியில் வருமுன் அதை நான் ஒருக்கால் பார்க்க வேண்டும் என்று ஏழு கல்லூரியும் கேட்டிருக்கின்றன என்றாள். எனக்குக் கணக்குத் தெரியாதே என்றேன்.

"கணக்குப் பார்க்க ஆள் இருக்கு அன்ரி. நீங்கள் ஒருத்தரையும் நம்பமாட்டியள், அதாலைதான் கேக்கிறம்," என்றாள். புகழ்ந்தாளா இகழ்ந்தாளா என்று போனை வைத்த பிறகும் தெரியவில்லை.

இன்றைக்கு மதுரா மடிக்கணினியோடு வந்து மேசையில் என் எதிரில் இருக்கிறாள். நான் கேட்கக் கேட்க ஒவ்வொரு நிபந்தனையாகத் தமிழில் வாசிக்கிறாள். ‘கட்டுப்பாடு’ என்று தொடங்கி, நாக்கைக் கடித்து, ‘வசதியில்லாத நாள்’ என்று மாற்றுகிறாள். இவ்வளவு நேரம் நாங்கள் இருவரும் தொடர்ந்து தமிழில் கதைத்து எவ்வளவு காலமாகிறது என்று நினைத்துக்கொண்டேன்; சொல்லவில்லை. சொன்னால் எழும்பிப் போய்விடுவாள்.

இந்தமுறை எந்தப் பிள்ளைகளைப் பிடித்திருக்கிறது என்று கேட்டேன்.

"ஒருத்தரையும் இல்லை அம்மா," என்றாள்.

நான் நம்பவில்லை. முதலாம் கிழமையிலிருந்து திரும்பவும் வாசிக்கச் சொன்னேன்.